மலைக்கும் இற்செறிப்பு உண்டு

கதவுக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். காட்டோடு ஒட்டிப்போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கல்தூண், தூணிலிருந்து கம்பிவேலி, வேலிக்குள் ஒரு தங்கும் விடுதி. கதவுக்கு இந்தப் பக்கம் ஒற்றையடித் தடம் ஒன்று வந்து முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் புல்வெளிச் சரிவில் அதே தடம் மறுபடி தொடங்கி, ஊற்றுக்கும் சீகைக் காட்டுக்கும் இறங்கிப் போகிறது. நடுவில் அறுபது எழுபது அடி தூரத்துக்குப் புல்தரையும் ஊஞ்சலும்.

கொடைக்கானலிலிருந்து மேல்மலைக் கிராமங்களுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர் அது. என் மாணவி ஒருத்தியின் ஊர். அவள் அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் தலையில் சும்மாட்டோடு நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் அரிவாள்.

"எங்க மாமியாருக்கு மாமியாரு நடந்த தடம் டீச்சர். இப்பக் கேட்டா பட்டாவுல தடமே இல்லேங்குறாங்க. பட்டாவுல இல்லாட்டி என்ன, எங்க காலுல இருக்குல்ல?"

தடம் அடைபட்டதால் அவர்கள் தார்ச்சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். விறகுக் கட்டோடு திரும்புகையில் முக்கால் மணி நேரம் கூடுதல். வளைவுகளில் சுற்றுலா வண்டிகள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வரும். தலையில் சுமை இருப்பவள் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது.

நான் தமிழ் படித்தவள். நிலம் பற்றிய சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கதவின் முன் நின்றபோது வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது. இற்செறிப்பு. தினைப்புனம் காக்கப் போன பெண்ணை, அலர் எழுந்ததும் அல்லது கதிர் அறுத்ததும், வீட்டுக்குள் வைத்து அடைப்பது. அகத்திணையில் அதை ஒரு துறை என்று எழுதிப்போட்டு இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்கிறோம். பெண்ணை அடைக்க இரண்டு வழிகள் உண்டு. அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தலாம். அல்லது அவள் நடக்கும் நிலத்தைச் சாத்தலாம். இந்த இரண்டாவது வழிக்கு இலக்கணம் எழுதியவர் யாருமில்லை. பழனிமலையில் அதற்கு ஒரு நீண்ட வரலாறு மட்டும் இருக்கிறது.

பழனிமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் முதல் அரசன் பேகன். ஆவியர் குடியைச் சேர்ந்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். அவன் மனைவியின் கதையை அநேகமாக யாரும் சொல்வதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகள் அவள் பொருட்டுப் பாடப்பட்டவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள், தங்களுக்குப் பொருள் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்று அவனிடம் கேட்கிறார்கள். பாட்டுகளில் அவளுக்குப் பெயர் கிடையாது. கண்ணகி என்ற பெயரைப் பின்னால் வந்த கொளுதான் தருகிறது, அதுவும் துறக்கப்பட்டவள் என்ற அடைமொழியோடு. மயிலுக்குக் குளிரும் என்று நினைத்தவனின் மலையில் நமக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் பெண், அழுதுகொண்டு நிற்பவள். வள்ளல்தன்மையின் கணக்கில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க இந்த ஐந்து பாட்டுகளும் போதும். சுற்றுலா வரலாற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு வேறு ஒரு பெண்ணைக் காட்டுகிறது. 261 அடிகள், ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்பார்கள். பேசுபவள் தோழி. தலைவியும் தானும் ஒரு நாள் என்ன செய்தோம் என்பதைச் செவிலியிடம் விவரிக்கிறாள். பரணில் ஏறிக் கிளி ஓட்டினார்கள். அருவியில் ஆடினார்கள். பாறையில் பூக்களைக் குவித்தார்கள். அங்கே 99 பூக்களின் பெயர் வரிசையாக வருகிறது. தாவரவியல்காரர்கள் அதைப் பட்டியலாகப் படிக்கிறார்கள், மாணவர்கள் மனப்பாடமாகப் படிக்கிறார்கள். நான் அதை நடமாட்டத்தின் பதிவாகப் படிக்கிறேன். 99 பூவைப் பெயரிட்டுச் சொல்ல ஒருத்தி எத்தனை சரிவு ஏறி இறங்கியிருக்க வேண்டும்? அவள் அங்கே போனது வேலைக்குத்தான். அவர்களைத் தினைப்புனம் காக்கத்தான் அனுப்பினார்கள். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் அருவியும் பூவும் காதலும் இருந்தன. விறகுக்குப் போகும் பெண்களோடு ஒருமுறை நடந்தால் இது புரியும். அவர்கள் பேச்சு, சிரிப்பு, மாமியாரைப் பற்றிய புகார், உட்கார்ந்து வெற்றிலை போடும் பாறை எல்லாம் அந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் அதற்கு இடமில்லை. தடம் போனால் விறகு மட்டும் போவதில்லை.

இந்த மலையின் ஆதிக்குடிகள் பளியர்கள். தேன், கிழங்கு, கல்பாசி, கடுக்காய், நெல்லி என்று காட்டிலிருந்து வாழ்ந்தவர்கள். அவர்களைப் பற்றி 1908-ல் ஆந்த்ரோபோஸ் இதழில் தாமன் என்ற சேசு சபைப் பாதிரியார் எழுதினார். 1960-களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அவர்களோடு இருந்து ஆராய்ந்தார். பளியர் சமூகத்தில் ஒருவர் மற்றவர் மீது அதிகாரம் செலுத்துவதை வெறுக்கும் மனப்பாங்கு பற்றி அவர் நிறையவே எழுதியிருக்கிறார். கணவன் மனைவிக்கு இடையிலும் அப்படித்தான். கிழங்கு தோண்டும் கோலைக் கையில் வைத்திருப்பவளுக்கு உத்தரவு போடுவது எளிதல்ல. அந்தக் கோலை ஊன்ற நிலம் வேண்டும், அவ்வளவுதான்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக மலையேறினார். 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் இங்கே வீடுகள் எழுப்பத் தொடங்கியது. சமவெளியில் வாந்திபேதியும் காய்ச்சலும் மிஷனரிகளையும் அவர்கள் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தன. அவர்களுக்கு இந்த மலை உயிர் தப்பும் இடம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தையைப் புதைத்த தாய் எந்த நாட்டவளாக இருந்தாலும் தாய்தான். ஆனால் அந்த அம்மாள் மலைக்கு நடந்து வரவில்லை. அடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பில் டோலியில் ஏறி, ஆட்களின் தோளில் வந்தாள். பிறகு மலையில் உலவினாள்.

உலவுவதற்கு இடம் செய்யப்பட்டது. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடை ஓடிய சதுப்புப் பள்ளத்தை அணைகட்டி ஏரியாக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர். ஏரிக்கு முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாம். கடலில் ஓட வேண்டியதை மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள்! கடற்கரை இல்லாத மலைக்கு அப்படி ஒரு கரை கிடைத்தது. 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டர் நடைபாதை வெட்டினார். கோக்கர்ஸ் வாக் என்று இன்றும் பெயர் மாறவில்லை. அங்கிருந்து பார்த்தால் மேகம் விலகிய நாளில் சமவெளி முழுவதும் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்களில் பெண்கள் "வாக்கிங் போறேன்" என்று சொல்லக் கற்றது சர்க்கரை நோய் வந்த பிறகு. அதற்கு முன் காரணமில்லாமல் நடக்கிற பெண்ணுக்கு வேறு பெயர் இருந்தது. காரணமில்லாமல் நடப்பதற்கென்றே ஒரு பாதை, 1872-ல், ஒரு சில பெண்களுக்காவது இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சலும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

இப்போது அந்தப் பாதைக்கு நுழைவுச்சீட்டு உண்டு.

1882 என்ற ஆண்டை அடிக்கோடிட வேண்டும். அந்த ஆண்டில்தான் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்கு வனம் என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் நுழைவது, மேய்ப்பது, சுள்ளி பொறுக்குவது எல்லாம் அனுமதிக்குக் கட்டுப்பட்டன. இது எதிர்ப்பின்றி வந்த சட்டமல்ல. 1871-ல் சென்னை வருவாய் வாரியமே, இந்த மாகாணத்துக் காடுகள் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வருபவை, அவற்றில் ஊராருக்கு வழிவழியான உரிமை உண்டு என்று வாதிட்டது. 1878-ன் இந்திய வனச் சட்டம் சென்னைக்கு அப்படியே வராமல் போனதற்கு அந்த வாதமும் ஒரு காரணம். பதினோரு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, கடைசியில் தோற்றது. வரி வசூலிக்கும் வெள்ளைக்காரத் துரைமார் ஊர்ப்பெண்களின் விறகுக்காக வழக்காடினார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர்களுக்குக் கவலை விறகைப் பற்றியதல்ல. குடியானவன் மாடு மேய்க்க முடியாவிட்டால் நிலவரி வராது.

அதே 1882-ல் இன்னொரு சட்டமும் வந்தது. வசதியுரிமைச் சட்டம். இருபது ஆண்டுகள் தடையின்றி, தன் உரிமை என்ற எண்ணத்தோடு, வெளிப்படையாக ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அந்த வழியின் மேல் உரிமை உண்டு என்கிறது அது. அரசு நிலமாக இருந்தால் காலம் இன்னும் நீளம்; இன்று முப்பது ஆண்டு. ஊர் வழக்கத்தால் வரும் உரிமையையும் அது ஏற்கிறது. ஒரே ஆண்டில் ஒரு சட்டம் கதவைச் சாத்த, இன்னொன்று ஓர் இடுக்கைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த இடுக்கு இருப்பது என் மாணவியின் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. வழக்கறிஞர் தோழி ஒருத்தி சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல் புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறத்தே போன நிலம் என்பதுதான் பொருள். யாருடையதும் அல்லாததால் எல்லோருடையதும். மந்தை, சுடுகாடு, குளம், களம், வண்டிப்பாதை எல்லாம் அதில் அடக்கம். இன்று அதை வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். வேலை வெட்டி இல்லாதவனைப் புறம்போக்கு என்கிறோம். வரி கட்டாத நிலம் உதவாக்கரை என்ற பார்வை நம் நாக்கில் ஏறி எவ்வளவு காலமாயிற்று பாருங்கள். வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் பெண்ணை "சும்மாதான் இருக்கா" என்று சொல்வதும் அதே கணக்குப் புத்தகம்தான்.

சாம்ராஜ்யத்தின் மறுகோடியில் என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியிடப்படுவதை எதிர்த்து 1865-ல் ஒரு சங்கம் தோன்றியது. லண்டன் ஏழைகளுக்கு வீட்டு வசதி செய்துகொண்டிருந்த ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி அதில் ஈடுபட்டார். நெருக்கடியான வீடுகளில் வாழ்பவர்களுக்கு உட்காரவும் விளையாடவும் உலவவும் வெட்டவெளி வேண்டும் என்பது அவர் கட்சி. 1895-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் நேஷனல் டிரஸ்ட். அதற்குக் கிடைத்த முதல் நிலத்தைக் கொடுத்தவரும் ஒரு பெண்: ஃபேனி டால்பட். வேல்ஸ் நாட்டில் பார்மத் என்ற கடலோர ஊருக்கு மேலே, கடலைப் பார்த்திருக்கும் டினாஸ் ஓலே என்ற குன்றுச் சரிவு. நாலரை ஏக்கர். கட்டடம் வராமல், சிங்காரிக்கப்படாமல், யாரும் வந்து நிற்கும்படி அது அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். இன்றும் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரில் நிலம் இருந்ததால் அதை அவள் பொதுவாக்க முடிந்தது. கொடுக்க நிலமில்லாத பெண்கள் இருக்கும் ஊரில் பொதுநிலத்தை யார் காப்பது? பழனிமலையில் நிலம் வைத்திருந்த பெண் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் லீலாவதி ராமநாதன். ஐரோப்பியராகப் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவியவர். 1936-ல் அவர் எழுப்பிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு முன்னால் நின்றால் பழனியும் சமவெளியும் தெரியும். அந்தக் காட்சிக்குச் சீட்டு இல்லை. குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில், 2006-லும் 2018-லும், அங்கே நிற்க இடமில்லாமல் போனது வேறு விஷயம்.

புல்வெளியைப் பற்றிச் சொல்லாமல் விறகைப் பற்றிச் சொல்ல முடியாது. பழனிமலையின் உச்சிகள் காடாக இருந்தவை அல்ல. பள்ளங்களில் சோலை, மேட்டில் புல். புல்லைத் தரிசு என்று நினைத்த வனத்துறை, தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழ் மரத்துக்காகவும் சீகையையும் தைல மரத்தையும் பைனையும் நட்டது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் இம்மலையின் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. புல்தான் மழையைப் பிடித்து வைத்து ஓடைக்குக் கொடுப்பது. ஊற்று வற்றினால் குடத்தோடு தொலைவு போகிறவள் பெண். அதே சமயம், அந்த வந்தேறிச் சீகைதான் அவளுக்கு அடுப்பெரிக்கும் விறகு. புல்வெளியை மீட்க வேண்டும் என்று நான் மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். சும்மாட்டோடு நிற்கும் பெண்ணிடம் பேசினால், "சீகைய வெட்டுங்க, வேணாங்கல. வெட்டுனத நாங்க எடுத்துக்கலாமா, அதச் சொல்லுங்க" என்பாள். நான் கேட்ட சூழலியல் உரைகளில் இதைவிடத் தெளிவான கேள்வி வந்ததில்லை.

இனி 2000 பிப்ரவரி 2.

கொடைக்கானலில் விதிகளை மீறி ஏழு தளம் எழுப்பப்பட்ட ஒரு விடுதிக்கு, 1994-ல் விதிவிலக்கு அளித்து அரசாணை வந்தது. 1985-லிருந்து இயங்கிவந்த பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பிறகு ஊழல் வழக்கும் நடந்தது. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கட்டடம், அரசாணை, தீர்ப்பு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் தீர்ப்பு வந்த அன்று தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் ஒரு பேருந்து எரிந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலாவில் வந்த பேருந்து. மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள்.

நான் அப்போது கல்லூரி மாணவி. செய்தி எங்கள் விடுதிக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. அந்த மாத இறுதியில் நாங்களும் சுற்றுலா போவதாக இருந்தது. எங்கே என்றால், கொடைக்கானலுக்கு. பணம் கட்டியிருந்தோம். ஒருத்தி புதிதாகக் கம்பளிச்சட்டை வாங்கி வைத்திருந்தாள். மறுநாளே சுற்றுலா ரத்து. அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டும் மாணவிகளுக்குச் சுற்றுலா இல்லை. பாதுகாப்பு என்றார்கள். மாணவர்கள் போனார்கள். என் அப்பா ஊரிலிருந்து வந்து என்னை ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் எரித்தவர்கள் தெருவில் நடந்தார்கள், படித்தவர்கள் வீட்டில் இருந்தோம். அலர் தூற்றியது ஊர், அடைபட்டது தலைவி. இற்செறிப்பைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பளிச்சட்டை நினைவு வரும்.

அந்த வழக்கில் மூவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத்தண்டனையை 2010-ல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம் 2016-ல் ஆயுளாகக் குறைத்தது. 2018-ல் அவர்கள் விடுதலையானார்கள். தூக்குத்தண்டனையை நான் ஆதரிப்பவள் அல்ல. கொடைக்கானல் வரலாற்றை எழுதுபவர்கள் லெவிஞ்சையும் கோக்கரையும் எழுதுகிறார்கள், ஏழு தளத்தை எழுதுபவர்கள்கூட அந்தப் பேருந்தைத் தருமபுரிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. மலையில் ஒரு துண்டு நிலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற கேள்வியில் தொடங்கிய சங்கிலியின் கடைசிக் கண்ணி அது. கொடைக்கானல் வரலாற்றில்தான் அது வர வேண்டும்.

வேலி எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1983-ல் அமெரிக்காவிலிருந்து இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்தது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அங்கே நஞ்சைச் சுற்றி உறுதியான வேலி போட்டிருந்தால் நல்லது. நம் ஊரில் வேலி போட வேண்டிய இடத்தில் அது இருப்பதில்லை.

கடற்கரைக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1991-ன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் 2011-ல் வந்ததிலும் விடுதிகளுக்கான நிபந்தனைகளில் ஒரு வரி உண்டு. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும். மாமல்லபுரம் சாலையில் போய்ப் பார்த்தால் அந்த 20 மீட்டர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். மீன் கூடை சுமக்கும் பெண்களுக்குத்தான் அது முதலில் தெரியும். இருந்தாலும் வரி இருக்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடலாம். மலைக் கட்டட விதிகளை நான் படித்த வரையில் சரிவின் கோணம் இருக்கிறது, தளங்களின் உயரம் இருக்கிறது, ஊற்றுக்கு நடக்கும் பெண்ணுக்கு இடைவெளி என்ற வரி இல்லை.

இந்த எண்ணத்தின் வேரே கடற்கரையில்தான் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுத்த ரோமானியச் சட்டம் காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்றது. அங்கிருந்து கிளைத்த பொது நம்பிக்கைக் கோட்பாட்டை 1996-ல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது ஒரு மலை வழக்கு. மணாலி அருகே ஒரு விடுதியின் நலனுக்காகப் பியாஸ் நதியின் போக்கைத் திருப்பிய வழக்கு. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே, உரிமையாளர் அல்ல என்றார்கள். 2011-ல் கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று மற்றொரு வழக்கில் உத்தரவிட்டார்கள்.

2006-ன் வன உரிமைச் சட்டம் இவற்றைவிடக் கிட்டத்தில் வருகிறது. சிறுவனப் பொருள்களின் மீது சமூகத்துக்கு உரிமை, நிலப்பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும், வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 1882-ல் பறித்ததை ஓரளவு திருப்பித் தரும் சட்டம். தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நடுவில், 2013-ல், கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 608 சதுர கிலோமீட்டருக்கு மேல். காட்டெருமைக்கும் கேளையாட்டுக்கும் அது வேண்டும், மறுக்கவில்லை. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வண்டிகளுக்கு இ-பாஸ். அதுவும் வேண்டியதுதான். ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் "பொதுமக்கள்" என்ற சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்குள் வண்டியில் வருபவர் இருக்கிறார், சீட்டு வாங்குபவர் இருக்கிறார். சும்மாட்டோடு நடப்பவளை அதற்குள் பார்க்க நான் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

பச்சைக் கதவுக்கு வருகிறேன். வழக்கறிஞர் தோழி இரண்டு வேலை கொடுத்தாள். ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் புல வரைபடமும் 'அ' பதிவேடும் கேட்பது. கேட்டிருக்கிறோம். இரண்டாவது, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடத்தில் நடந்ததற்குச் சாட்சியம் திரட்டுவது. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். நான் நோட்டும் பேனாவுமாக, ஆண்டு கேட்டேன்.

ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் பதற்றமாகிவிட்டது. நீதிமன்றத்துக்கு ஆண்டு வேண்டுமே. அப்போது எழுபது வயது தாண்டிய ஒரு பெரியம்மா, "ஆண்டு கெடக்கட்டும் கண்ணு, எழுது" என்று தொடங்கினார். பெரிய மகன் வயிற்றில் இருக்கும்போது ஊற்றுக்குப் போய் வழுக்கி விழுந்தது, அந்த இடத்தில் இப்போது ஊஞ்சல் இருக்கிறது. அந்த மகனின் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. எடுத்து வந்தார்கள். 1974. அடுத்தவர் தன் கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் அந்தத் தடத்தில் கூட்டிப்போய் விறகு கட்டக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. காட்டெருமை குட்டியோடு மறித்து நின்ற நாள், குடம் உடைந்த நாள், பாதி வழியில் வலி கண்டு பாறை மறைவில் பிள்ளை பெற்ற நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரேஷன் கார்டோ பள்ளிச் சான்றிதழோ இருந்தது. மாலைக்குள் பதினேழு பக்கம் நிரம்பியது. படித்துக் காட்டினேன். அந்தப் பெரியம்மா இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு, "பூவு பொறிக்கப் போனத எழுதலியே?" என்றார்.

"அது வழக்குக்கு வேணுமா பெரியம்மா?"

"நடந்தோம்ல. எழுது."

பதினெட்டாம் பக்கத்தில் பூக்களின் பெயர்கள் இருக்கின்றன. முப்பத்தொன்று வரை எண்ணினோம், இருட்டிவிட்டது.